நோர்ஃபோக் தீவில் ஒரு செத்தவீடு

முதியோர் இல்லத்தின் குசினியில் காலை ஓட்ஸ் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் என்னோடு சமைக்கிற தோழிக்கு அந்த ஃபோன் வந்தது. அகப்பையை என் கையில் தந்துவிட்டுப் பின்கதவால் வெளியே போனாள். திரும்பி வந்தபோது அழுதிருக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தாள்.

"அப்பா செத்துப்போட்டார்," என்றாள். "என்னோட வாறியா?"

அவள் தமிழ் இல்லை. பேசியதும் ஆங்கிலம்தான். ஆனால் எட்டு வருடம் ஒரே அடுப்படியில் நின்றதில் அவளுடைய ஆங்கிலம் என் காதுக்குள் என் ஊர்த் தமிழாகவே விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவள் நோர்ஃபோக் தீவுக்காரி. சிட்னியிலிருந்து கிழக்கே பசிபிக் கடலுக்குள் இரண்டரை மணி நேரம் பறந்தால் வருகிற ஒரு பச்சைப் பொட்டு அது. எட்டுக் கிலோமீட்டர் நீளம், ஐந்து கிலோமீட்டர் அகலம், இரண்டாயிரம் பேர் அளவில் சனம். "அவுஸ்திரேலியாவில் எந்தப் பக்கம் நீ?" என்று இல்லத்துக் கிழவர்கள் கேட்டால், "ஒரு பக்கமும் இல்லை, நான் நோர்ஃபோக்," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை வைத்துப் போவாள். அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊன்றுகோலோடு நடந்தாள். பை தூக்க முடியாது. ஒரே மகன் மேற்கே சுரங்கத்தில் வேலை. உடனே வர வழியில்லை.

எனக்கு இருந்த பிரச்சினை வேறு. நான் அகதியாக வள்ளத்தில் வந்தவள். பத்து வருடத்துக்கு மேலாக, முடிவு வரும்வரைக்கும் தருகிற ப்ரிட்ஜிங் விசாவில் இருக்கிறேன். இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டுக் காலெடுத்து வைத்தால் விசா முடிந்துவிடும், திரும்பி வர முடியாது. அதனால்தான் என் அப்பா செத்தபோது நான் கிளிநொச்சிக்குப் போகவில்லை. அண்ணா செத்தவீட்டை ஃபோனில் பிடித்துக் காட்டினான். பாடையைத் தூக்கும்போது படம் உறைந்து நின்றுவிட்டது. அன்றைக்கு இவள்தான் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்புகளை நிறுத்திவிட்டு, என்னைக் காரில் ஏற்றி பிளாக்டவுனில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். பின்னேரம் வரைக்கும் பக்கத்தில் இருந்தாள்.

அதனால் அவள் கேட்டதும் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

வீட்டில் என் கணவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

"உனக்கென்ன விசரே? பிளேன் ஏறி வெளியில போனா திரும்பி வர விடுவாங்களே? பிள்ளையை நினைச்சுப் பாத்தனியே?"

பிள்ளைக்குப் பதினைந்து வயது. கதவடியில் நின்றபடி ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, இட்ஸ் பார்ட் ஒஃப் ஆஸ்ட்ரேலியா. ஐ செக்ட்."

"செக் பண்ணினவ! பிளேன் எந்த டேர்மினலால போகுது எண்டும் செக் பண்ணு."

அவள் பார்த்தாள். சர்வதேச முனையம்.

இதுதான் அந்தத் தீவின் குழப்பம். சட்டப்படி அது அவுஸ்திரேலியா. விமானம் ஏறுவதோ வெளிநாட்டுக்குப் போகிற வாசலால். எங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாக உதவுகிற வழக்கறிஞர் பெண் ஒருவர் இருக்கிறார். மறுநாள் மதிய இடைவேளையில் அவரை ஃபோனில் எடுத்துக் கேட்டேன். அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். முன்பு அந்தத் தீவுக்குத் தனிக் குடிவரவுச் சட்டம் இருந்தது, அப்போதென்றால் நீங்கள் போயிருக்க முடியாது, இப்போது அது எடுபட்டுவிட்டது, நேரடி விமானத்தில் போய் நேரடி விமானத்தில் வந்தால் நீங்கள் நாட்டை விட்டுப் போனதாக ஆகாது என்றார். "ஆனா கவுண்டரில நிக்கிறவைக்கு இது தெரிஞ்சிருக்குமெண்டு நம்பாதேங்கோ. நான் ஒரு கடிதம் அனுப்புறன். பிரிண்ட் எடுத்துக் கையில வைச்சிருங்கோ."

இரண்டு பிரதி எடுத்தேன். கணவர்தான் விமான நிலையத்துக்குக் காரோட்டி வந்தார். இறங்கும்போது, "நான் கார் பார்க்கிலயே நிக்கிறன், பிளேன் எழும்பினாப் பிறகுதான் போவன்," என்றார்.

கவுண்டரில் இருந்தவன் நல்ல பையன்தான். என் ஓட்டுநர் உரிமத்தையும் குடிவரவு அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். கம்ப்யூட்டரில் தட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். இது ப்ரிட்ஜிங் விசா. நீங்கள் நாட்டை விட்டுப் போனா இது செல்லாது. ஒருக்கா விலகி நில்லுங்கோ, அடுத்த ஆளைப் பாத்திட்டு வாறன்."

நான் விலகினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், கையில் கடிதம் இருந்தும் விலகினேன். "விலகி நில்" என்று யாராவது சொன்னால் என் கால்கள் என்னைக் கேட்பதில்லை. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பழகிய கால்கள் அவை.

அவள் விலகவில்லை. ஊன்றுகோலைக் கவுண்டரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றினாள்.

"நோர்ஃபோக் அவுஸ்திரேலியா," என்றாள்.

எட்டு வருடத்தில் அந்த வசனத்தை அவள் வாயால் நான் கேட்டதில்லை.

"எங்களுக்கெண்டு ஒரு சட்டசபை இருந்தது. ஒன்பது பேர், நாங்கள் தெரிஞ்செடுத்தவை. அதைப் பூட்டினீங்கள். எங்களுக்கு என்ன வேணுமெண்டு நாங்களே முடிவெடுக்க விடுங்கோ எண்டு சனம் வாக்குப் போட்டுக் கேட்டது. நீங்கள் காதிலயே விழுத்தேல்லை. இது அவுஸ்திரேலியா எண்டு சட்டம் எழுதினீங்கள். சரி, எழுதினதை இப்ப நீங்களும் மதியுங்கோ. இவள் நாட்டை விட்டுப் போகேல்லை. என்ரை அப்பாவைப் புதைக்க என்னோட வாறாள்."

பையனுக்கு முகம் சிவந்தது. மேலாளரைக் கூப்பிட்டான். வந்த பெண் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். எங்கேயோ ஃபோன் எடுத்துக் கதைத்தார். பிறகு தானே போர்டிங் பாஸை அடித்துத் தந்து, "ஐ ஆம் ஸாரி," என்றார். அவள் அப்பாவுக்காக வருத்தம் தெரிவித்தாரா, எனக்காக மன்னிப்புக் கேட்டாரா, தெரியவில்லை.

விமானத்தில் பெல்டைப் பூட்டியதும் அவள் பக்கம் திரும்பினேன்.

"எனக்காக அதைச் சொன்னனி," என்றேன்.

"உனக்காக இல்லை. கோவத்தில சொன்னனான்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்ரை அண்ணனிட்டைச் சொல்லிப்போடாதை," என்றாள்.

மேலிருந்து பார்க்கும்போது தீவைச் சுற்றிலும் செங்குத்தான பாறை. அலை அடித்து வெள்ளையாக நுரைத்தது. கப்பல் வந்து அணைகிற துறைமுகம் அங்கே கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். சாமானைச் சின்ன வள்ளங்களில் இறக்கி, ஒரு சிறிய இறங்குதுறைக்குக் கொண்டுவந்து, பாரந்தூக்கியால் எடுப்பார்கள். அவளுடைய அப்பா நாற்பது வருடம் அந்த வள்ளம் ஓட்டியவர். தீவில் இருக்கிற ஒவ்வொரு குளிர்சாதனப் பெட்டியும் ஒருகாலத்தில் அவர் கையால் கரை ஏறியதுதான் என்று அவள் சொன்னாள்.

விமானத்தை விட்டு இறங்கியதும் அவள் வேறு ஆளானாள். எனக்குப் பாதிதான் புரிகிற பாஷையில் பேசத் தொடங்கினாள். பழைய ஆங்கிலமும் தாஹிதித் தீவுப் பாஷையும் கலந்த பேச்சு அது. ஒரு கலகத்தில் கப்பலைக் கைப்பற்றிய மாலுமிகளும் தாஹிதிப் பெண்களும்தான் இவர்களுடைய மூதாதையர். முதலில் ஒளிந்த தீவு சனம் பெருகிப் போதாமல் போக, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகக் கப்பலேறி இங்கே வந்து குடியேறினார்கள். அதனால் ஊர் முழுக்க ஒரு சில குடும்பப் பெயர்கள்தான். ஒரே பெயரில் பலர் இருப்பதால் தொலைபேசிப் புத்தகத்தில் பட்டப்பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தைக் காட்டி அவளுடைய அண்ணன் மனைவி சிரித்தாள். துக்க வீட்டிலும் சிரிக்கிற சனம்.

ரோட்டில் மாடுகள் நடுவால் நடந்தன. கார்கள்தான் நின்றன. எதிரே வந்த ஒவ்வொரு சாரதியும் ஸ்டீரிங்கிலிருந்து விரலை உயர்த்தி எனக்கும் வணக்கம் காட்டினார். வானைத் தொடுகிற பைன் மரங்களுக்குக் கீழே சில வீட்டு முற்றங்களில், பச்சை வர்ணம் பூசிய பலகைக் கைகள் நிலத்தில் நட்டபடி நின்றன. வாக்கெடுப்பில் கை உயர்த்தியவர்கள் இன்னும் கையை இறக்கவில்லை என்பதற்கு அடையாளமாம். மழையில் வர்ணம் உரிய, திரும்பத் திரும்பப் பூசுகிறார்கள்.

வீட்டில் நான் தேடிப்போய் நின்ற இடம் குசினி. அங்கே பெண்கள் பச்சை வாழைக்காயைத் துருவிக்கொண்டிருந்தார்கள். அதை உருட்டித் தேங்காய்ப்பாலில் அவிப்பார்கள். நான் ஒரு துருவலையைக் கையில் எடுத்தேன். யாரும் யார் நீ என்று கேட்கவில்லை. ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார்கள்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் அவளுடைய அண்ணன் எனக்கு எதிரே இருந்தார். அறுபது வயது, கடற்காற்றில் காய்ந்த முகம். வீட்டுக்கு வந்திருந்தவர்களில் சிட்னியிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருந்த ஒரு மனிதரும் இருந்தார். அவர் என்னிடம் எப்படி அவுஸ்திரேலியாவுக்கு வந்தாய் என்று கேட்டார். நான் சொன்னேன். "ஓ, வள்ளத்தில வந்த ஆக்களில ஒராளா?" என்றார்.

அண்ணன் கரண்டியை வைத்தார். "இந்த வீட்டில எல்லாரும் வள்ளத்தில வந்த ஆக்கள்தான். இவள் வள்ளத்தில தன்ரை இடத்துக்குக் காசு குடுத்து வந்தவள். எங்கட ஆக்கள் வள்ளத்தையே களவெடுத்துக்கொண்டு வந்தவை."

அந்த மனிதர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பேச்சு தீவின் ஆட்சிக்குத் திரும்பியது. அங்கே எந்தப் பேச்சும் அதில்தான் போய் நிற்குமாம். முன்பு வருமான வரி இல்லை, அதற்கேற்ப மத்திய அரசின் ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தபால் முத்திரை எல்லாவற்றையும் தாங்களே நடத்தினார்கள். பிறகு கையிருப்பு வற்றியது. அதைக் காரணம் காட்டி மத்திய அரசு சட்டசபையைக் கலைத்தது. பதிலுக்கு ஒரு உள்ளூராட்சி மன்றம் தந்தார்கள். பின்னால் அதையும் நிறுத்திவைத்து, வெளியிலிருந்து ஒரு அதிகாரியை நியமித்தார்கள்.

"நான் வாக்குப் போடுறது கன்பராத் தொகுதிக்கு," என்றார் அண்ணன். "என்ரை பேத்தியின்ரை பள்ளிக்கூடத்தை நடத்துறது குயின்ஸ்லாந்து. குயின்ஸ்லாந்தில எனக்கு வாக்கில்லை. நான் ஆரிட்டைப் போய்ச் சண்டை பிடிக்கிறது?"

"எண்டாலும் பென்ஷன் வருகுது," என்றாள் அவர் மனைவி. "முந்தி உன்ரை அம்மாவுக்கு அது கிடைக்கேல்லை. அதையும் சொல்லு."

"வருகுது. நான் இல்லையெண்டேனே? தாறதைத் தாங்கோ, ஆனா கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ எண்டுதான் சொல்லுறன்."

அப்போது என் தோழி, தானே சொல்லாதே என்று கேட்டதை, தானே சொல்லிவிட்டாள். விமான நிலையத்தில் என்ன நடந்தது, தான் என்ன வசனம் சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் முகம் இறுகியது.

"நீ அப்பிடிச் சொன்னனியா? அப்பா அங்க பெட்டிக்குள்ள கிடக்கேக்க?"

"சொன்னன். அவங்கட திறப்பாலதான் அவங்கட கதவைத் திறக்கலாம். இவளை அங்க விட்டிட்டு வாறதெண்டா நானும் வந்திருக்கமாட்டன்."

எனக்கு அந்த மேசையில் இருக்கக் கூச்சமாக இருந்தது. இவர்களுடைய தோல்விதான் எனக்கு வழி திறந்திருக்கிறது. பழைய சட்டம் இருந்திருந்தால் நான் இந்தத் தேங்காய்ப்பாலைச் சுவைத்திருக்க முடியாது. அதை அவரிடமே சொன்னேன். "உங்களிட்டை இருந்து பறிச்சதாலதான் நான் இஞ்ச இருக்கிறன். சந்தோசப்படவும் ஏலாமல் கிடக்கு."

அவர் உருண்டைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"எங்கட சட்டசபை இருந்திருந்தா, உன்னைக் கூப்பிடத் தங்கச்சி அங்க வந்து என்ரை பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பாள். நாங்கள் ஓமெண்டு சொல்லியிருப்பம். எங்களுக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கும். அவையளுக்கு உன்னைத் தெரியாது. வித்தியாசம் அதுதான்," என்றார். பிறகு இன்னொரு உருண்டையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

மறுநாள் அடக்கம். பழைய கைதிச் சிறையின் இடிந்த சுவர்களுக்கு அப்பால், கடலோரத்தில் மயானம். அயலவர்கள் காலையிலேயே வந்து குழி வெட்டியிருந்தார்கள். அதற்கு அங்கே யாரும் கூலி வாங்குவதில்லை. பெட்டியின் மேல் பச்சையும் வெள்ளையுமான தீவின் கொடி, நடுவில் ஒரு பைன் மரம். ஒரு சின்ன லொறியின் பின்தட்டில் அவரைக் கொண்டுவந்தார்கள். கடைகள் பூட்டியிருந்தன, ஊரே வந்து நின்றது. வாத்தியம் ஒன்றும் இல்லாமல், ஆண்கள் ஒரு குரலிலும் பெண்கள் இன்னொரு குரலிலுமாகப் பாடினார்கள். கடல் இரைச்சலை மீறி அந்தப் பாட்டு எழும்பியது.

பெட்டியை இறக்கியதும் மண்வெட்டிகள் கைமாறின. உறவுகளே குழியை மூடவேண்டும். அண்ணன் போட்டார், அவர் பிள்ளைகள் போட்டார்கள். அவள் ஊன்றுகோலை எறிந்துவிட்டு, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வெட்டு மண் போட்டாள். பிறகு மண்வெட்டியை என்னிடம் நீட்டினாள்.

நான் தயங்கினேன். எங்கள் வழக்கில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டு வாசல் படலையோடு நின்றுவிட வேண்டும். இதை நான் அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை: விசா இருந்திருந்தாலும், கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும், அப்பாவின் சிதையருகே என்னை விட்டிருக்கமாட்டார்கள். இத்தனை வருடம் நான் ஒரு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மண்வெட்டியை வாங்கினேன். செம்மண், ஈரமாகப் பாரமாக இருந்தது. ஒரு வெட்டுப் போட்டேன். போதும் என்று யாரும் சொல்லவில்லை. கை நோகும்வரைக்கும் போட்டேன். என் அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான்கு நாள் கழித்துத் தனியாகத் திரும்பினேன். அவள் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். சிட்னியில் இறங்கியதும் குடிவரவு வரிசையில் என் முறை வந்தது. அங்கிருந்த இளம் அதிகாரி என் அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு படிவத்தோடு வந்தார். பெயர், விசா இலக்கம் எல்லாம் நிரப்பியிருந்தது.

"அவுஸ்திரேலியாவை விட்டுப் போன திகதி, இதில எழுதிக் கீழே கையெழுத்து வையுங்கோ. வெறும் பதிவுக்குத்தான்."

பத்து வருடமாக என் முன்னால் வைத்த ஒவ்வொரு காகிதத்திலும் நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். தடுப்பு முகாமில் வைத்தேன். வாசிக்க விளங்காத ஆங்கிலத்தில் வைத்தேன். மொழிபெயர்ப்பாளர் ஃபோனில் அவசரப்படுத்தியபோதும் வைத்தேன். அன்றும் பேனாவைக் கையில் எடுத்தது உண்மை. பேனாவைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"இது வெறும்…"

"நான் போகேல்லை. போன திகதி எண்டு ஒண்டு இல்லை. இல்லாத திகதியை நான் எழுதமாட்டன்."

என் ஆங்கிலம் உடைந்ததுதான். ஆனால் அன்றைக்கு அது நடுங்கவில்லை. அப்போ இங்கேயே இருக்கவேண்டி வரும் என்றார். "இருக்கிறன்," என்றேன். கடிதத்தின் இரண்டாவது பிரதியை மேசையில் விரித்து வைத்தேன். கைப்பையில் அண்ணன் மனைவி கட்டித் தந்த வாழைப்பழக் கேக் இருந்தது. அதைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினேன். பயந்த ஆளுக்குப் பசிக்காது. எனக்குப் பசித்தது.

முக்கால் மணி நேரம் போனது. தலை நரைத்த ஒரு மேலதிகாரி வந்தார். கடிதத்தை வாசித்தார். இளையவரின் காதில் ஏதோ சொன்னார். படிவத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"நீங்கள் சொன்னது சரி. போகலாம்," என்றார்.

"அந்தக் கோடு போட்ட படிவத்தில ஒரு கொப்பி தாங்கோ," என்றேன். அவர் நகல் எடுத்துத் தந்தார்.

வெளியே என் கணவர் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது. "ஏன் இவ்வளவு நேரம்?" என்றார். "சண்டை பிடிச்சனான்," என்றேன். அவர் நம்பவில்லை. கொப்பியைக் காட்டியதும் வாசித்துப் பார்த்து, மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என் தோழி குசினிக்குத் திரும்பி வரவில்லை. தீவிலேயே தங்கிவிட்டாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, ஓய்வு நேரத்தில் கூட்டங்கள், மனுக்கள். சட்டசபை திரும்பி வரவில்லை. வரும்வரைக்கும் விடமாட்டாளாம். என் விசாவும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

என்னைப் போன்ற பெண்கள் சிலர் ஒரு அரசாங்க அலுவலக வாசலில் கூடாரம் போட்டு, நிரந்தர விசா கேட்டு இருந்துகொண்டிருந்தார்கள். பலமுறை கூப்பிட்டும் நான் போனதில்லை. பெயர் கெட்டுவிடும், ஃபைலில் எழுதிவிடுவார்கள் என்று பயம். தீவிலிருந்து திரும்பி வந்த அடுத்த சனிக்கிழமை போனேன். கதிரை இல்லை, நிலத்தில் அட்டை விரித்து இருந்தோம். தெருவால் போன ஒருவர் நின்று, "எவ்வளவு காலத்துக்கு இப்பிடி இருக்கப் போறியள்?" என்று கேட்டார்.

"அரசாங்கம் எவ்வளவு காலத்துக்கு இழுக்குதோ, அதைவிட ஒரு நாள் கூடுதலா," என்று தமிழில் சொன்னேன். கூட வந்திருந்த மகள் பக்கத்திலிருந்து அதை ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னாள், என்னைவிடச் சத்தமாக.